ஒற்றை விரலில் நிற்கும் உடல்

2006 மே 20 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பந்தயத் திடலில் பார்பரோ என்ற குதிரை ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் கென்டக்கி டெர்பியில் ஆறரைக் குதிரை நீள இடைவெளியில் வென்றிருந்தது. காலில் மூன்று எலும்புகள் உடைந்திருந்தன. அவற்றில் ஒன்று இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியிருந்தது. மறுநாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் டீன் ரிச்சர்ட்சன் என்ற அறுவை மருத்துவரின் குழு, ஓர் உலோகத் தகட்டையும் 27 திருகுகளையும் வைத்து அந்தத் துண்டுகளைச் சேர்த்தது. மயக்கம் தெளியும்போது உதைத்துக்கொண்டு எழுந்து காலை மறுபடி உடைத்துக்கொள்ளக் கூடாதே என்று, குதிரையை ரப்பர் மிதவையில் கட்டி நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டு எழுப்பினார்கள்.

எலும்பு கூடி வந்தது. ஆனால் ஜூலையில், அடியே படாத இடது பின்னங்காலின் குளம்பு உள்ளுக்குள் பிரியத் தொடங்கியது. குளம்புச் சுவரில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் ஆறு மாதம் போராடினார்கள். ஜனவரியில் முன்னங்கால்கள் இரண்டிலும் அதே நோய் தெரிந்தபோது, நிற்பதற்கு ஒரு நல்ல கால்கூட மிச்சமில்லை. 2007 ஜனவரி 29 அன்று அதைக் கருணைக்கொலை செய்தார்கள்.

அந்த நோயின் பெயர் லாமினைட்டிஸ். பந்தய உலகில் இதை அறியாதவர் கிடையாது. 1973இல் பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள இடைவெளியில் வென்று, இன்றுவரை முறியடிக்கப்படாத நேரத்தைப் பதிவு செய்த செக்ரடேரியட் 1989இல் மாண்டதும் இதனால்தான். பந்தயத்துக்கே போகாத குட்டிப் போனிகளும், குழந்தைகள் ஏறி விளையாடும் சாதுவான கிழட்டுக் குதிரைகளும் இதே நோயில் விழுகின்றன. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் குளம்பை ஆராய்ந்தவர்கள் கண்டுகொண்டவற்றில் ஒன்றை முக்கியமானதாகக் கருதுகிறேன். குளம்பில் வெளிப்படும் இந்த நோய் பெரும்பாலும் குளம்பில் தொடங்குவதில்லை. குடலில், இரத்தத்தில், சில சமயம் எதிர்ப்பக்கக் காலில் அது தொடங்குகிறது. ஆகவே குளம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவரால் குளம்பைக் காப்பாற்ற முடியாது.

இதைப் புரிந்துகொள்ளக் குதிரை எதன்மேல் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குதிரையின் ஒவ்வொரு காலிலும் தரையைத் தொடுவது ஒரே ஒரு விரல். நம் கையில் நடுவிரல் எதுவோ அதுதான் அது. மூதாதைக் குதிரைகளுக்கு இருந்த மற்ற விரல்கள் பரிணாமத்தில் சுருங்கி மறைந்துவிட்டன. எஞ்சிய விரலின் கடைசி எலும்பைச் சுற்றி வளர்ந்திருக்கும் நகமே குளம்பு. நிற்கும்போது குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. 500 கிலோ எடையுள்ள குதிரை என்றால் ஒவ்வொரு முன்குளம்பும் 150 கிலோ தாங்கும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது, ஒரு முன்னங்கால் தரையில் பதியும் அந்தக் கணத்தில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு விசை அந்த ஒற்றை விரலில் வந்து விழுகிறது.

அத்தனை எடையும் குளம்பின் அடித்தளத்தின்மேல் உட்கார்ந்திருப்பதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் விரலெலும்பு குளம்புக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறது. குளம்புச் சுவரின் உட்புறத்திலிருந்து 550 முதல் 600 வரை மெல்லிய கொம்பு மடிப்புகள் உள்நோக்கி நீண்டிருக்கும். எலும்பைப் போர்த்திய திசுவிலிருந்தும் அதே எண்ணிக்கையில் மடிப்புகள் வெளிநோக்கி வந்து அவற்றுக்கிடையே புகுந்திருக்கும். ஒவ்வொரு மடிப்பின் பக்கங்களிலும் கண்ணுக்குத் தெரியாத நூற்றைம்பது, இருநூறு துணை மடிப்புகள். எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் ஒரு குளம்புக்குள் மட்டும் ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர் ஒட்டுப்பரப்பு கிடைக்கும் என்று ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் பொல்லிட் கணக்கிட்டார். பிரியாத உறவை நகமும் சதையும் போல என்போம். குதிரையின் உயிர் அந்த உறவை அப்படியே நம்பியிருக்கிறது. லாமினைட்டிஸ் என்பது அந்த ஒட்டு விட்டுப்போவது. ஒட்டு தளர்ந்ததும் பின்புறமாக வந்து எலும்பின் அடியில் இணையும் ஆழ்ந்த தசைநாண் அதைப் பின்னுக்கு இழுக்கும், மேலிருந்து எடை அழுத்தும். எலும்பின் கூர்நுனி கீழ்நோக்கித் திரும்பும். முற்றிய நிலையில் அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வெளிச்சுவரின் கட்டமைப்பும் வியப்பானது. குளம்புக் கொம்பு ஒரே சீரான பொருள் அன்று. மேலிருந்து கீழாக இறங்கும் நுண்குழல்களும் அவற்றுக்கிடையே வேறு திசையில் ஓடும் கெரட்டின் இழைகளும் சேர்ந்த பின்னல் அது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் பெர்ட்ராமும் ஜான் கோஸ்லைனும் 1980களில் குளம்புத் துண்டுகளில் வேண்டுமென்றே கீறலிட்டு இழுத்துப் பார்த்தார்கள். விரிசல் நேராக உள்ளே ஓடி உயிருள்ள திசுவைத் தொடவில்லை. இழைகளின் போக்கு அதைத் திசை திருப்பி வெளிப்பக்கமாகக் கொண்டுபோனது. ஈரப்பதமும் இதில் பங்கு வகிக்கிறது. முற்றிலும் காய்ந்த குளம்பு எளிதில் நொறுங்குகிறது, நனைந்து ஊறியது இளகிவிடுகிறது, இடைப்பட்ட ஈரத்தில்தான் அது முறிவை மிகுதியாக எதிர்த்து நிற்கிறது. குளம்பு காயக் கூடாது என்று தினமும் எண்ணெய் பூசுவதும், மழைக்காலத்தில் சேற்றிலேயே நிற்கவிடுவதும் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தெரிந்தாலும் இரண்டுமே இந்தச் சமநிலையைக் கெடுக்கும் பழக்கங்கள்தாம்.

லாமினைட்டிஸ் வந்த குதிரையைப் பார்த்தாலே தெரியும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, எடையைப் பின்னங்கால்களில் சாய்த்து, நகர மனமில்லாமல் நிற்கும். குளம்பு சுடும். கணுவுக்கருகே விரல் வைத்தால் நாடி ஓங்கி அடிக்கும். 1948இல் ஸ்வீடனைச் சேர்ந்த நீல்ஸ் ஓபெல் இந்த நோயின் திசு மாற்றங்களை ஆராய்ந்து எழுதிய ஆய்வேட்டில் வலியை நான்கு படிகளாகப் பிரித்தார். இன்றும் மருத்துவர்கள் ஓபெல் ஒன்று, ஓபெல் மூன்று என்றுதான் குறிப்பெழுதுகிறார்கள்.

தீவனக் கிடங்கின் கதவைத் திறந்து தானியத்தை வயிறு முட்டத் தின்றுவிட்ட குதிரைக்கு இரண்டொரு நாளில் கால் போய்விடும் என்பது குதிரை வளர்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தது. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே ஆய்வகத்தில் செய்துகாட்டினார்கள். சோள மாவையும் மரத்தூளையும் கலந்து குதிரைகளின் வயிற்றுக்குள் செலுத்தியபோது நோய் வந்தது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள் ஒரே நாளில் பெருகுகின்றன. குடற்சுவர் கசிந்து நச்சுகள் இரத்தத்தில் கலக்கின்றன. உடல் முழுவதும் பரவும் அழற்சி கடைசியில் போய்த் தைக்கும் இடம் குளம்பு.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல்வழியாக வாங்குவதையும், ஆண்டு முடிவில் அவற்றில் மிகச் சிலவே உயிரோடு மிஞ்சுவதையும் எழுதிவைத்தார். குதிரையைப் பராமரிக்க இங்கு யாருக்கும் தெரியவில்லை, லாடம் கட்டுவோரும் இல்லை என்கிறார். விற்பனை குறைந்துவிடக் கூடாதென்று வணிகர்களே லாடக்காரர்களை இங்கு வரவிடாமல் தடுத்தார்கள் என்றும் குற்றம் சாட்டுகிறார். அவித்த அரிசியும் இறைச்சியும் குதிரைத் தீவனமாகப் போட்டதாகவும் அவர் குறிப்பில் உண்டு. எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பயணியின் குறிப்பை வைத்து நோய் கண்டறிய முடியாது. ஆனாலும் புல் மேய்ந்து பழகிய அரபுக் குதிரையின் முன்னால் சோற்றைக் குவிப்பதும், குளம்பைச் சீவ ஆளில்லாமல் விடுவதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இன்றைய மருத்துவர் எவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.

குடலிலிருந்து கிளம்பும் இந்த வகை லாமினைட்டிஸைத் தடுக்கக் கிடைத்த வழி ஆச்சரியப்படும் அளவுக்கு எளியது: பனிக்கட்டி. பொல்லிட் 1990களில் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒட்டுப்பரப்பின் அடிச்சவ்வைத் தின்னும் நொதிகள் கட்டுமீறித் தூண்டப்படுவதால்தான் ஒட்டு விடுகிறது என்பது அது. குளிரில் நொதிகள் மந்தமாகிவிடும் அல்லவா? அவருடைய மாணவர் ஆண்ட்ரூ வான் எப்ஸும் அவரும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு குதிரைகளுக்கு ஒரே ஒரு முன்னங்காலை மட்டும் 48 மணி நேரம் இடைவிடாமல் பனிநீரில் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நோய் வரும்படி சர்க்கரைப் பொருள் கொடுக்கப்பட்டது. பனியில் இருந்த கால் நொண்டவில்லை, திசுவிலும் சேதம் மிகக் குறைவு. அதே உடல், அதே இரத்தம். குளிரூட்டாத கால்கள் மட்டும் பாதிக்கப்பட்டன. இவ்வளவு தெளிவாகத் தன்னைத்தானே ஒப்பிட்டுக்காட்டும் சோதனை மருத்துவத்தில் அரிது.

பின்னால் வந்த ஆய்வுகள் நொதிக் கருத்தை அவ்வளவாகத் தாங்கவில்லை. நொதிகள் நோயைத் தொடங்கிவைப்பவை அல்ல, சேதம் நடந்த பிறகு வந்து சேர்பவை என்றே தெரிந்தது. ஆனால் பனி நிலைத்துவிட்டது. நொதிகளை மட்டுமன்றி அழற்சியின் பல படிகளையும் குளிர் ஒருசேர அடக்குகிறது. வலி தொடங்கிய பிறகு குளிரூட்டினாலும் ஒட்டு பிரிவதைத் தடுக்கலாம் என்று 2014இல் வான் எப்ஸ் குழு காட்டியது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, பெருங்குடல் அழற்சியோடு மருத்துவமனைகளுக்கு வந்த குதிரைகளின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. பனி வைக்காதவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு லாமினைட்டிஸ் வந்திருந்தது. பனி வைத்தவற்றில் பத்தில் ஒன்றுக்குத்தான். கணுவரை ஒரு பையில் நாலு பனிக்கட்டியைப் போட்டுக் கட்டுவது போதாது. குளம்பின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, இரண்டு மூன்று நாள் அப்படியே நிற்க வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை பனிநீர், இரவும் பகலும் மாற்றி மாற்றிப் பனி கொட்ட ஆட்கள் என்று பெரும் உழைப்பு அது. நம்மை அப்படி நிற்கச் சொன்னால் சில நிமிடம் தாங்க மாட்டோம். குதிரைகள் பொதுவாக அமைதியாக நிற்கின்றன.

இதெல்லாம் தெரிந்த பிறகும் ஒரு புதிர் பாக்கி இருந்தது. தானியத்தைத் திருடித் தின்னாத, குடல் நோய் எதுவும் இல்லாத போனிகளுக்குப் பசும்புல் மேய்ந்தே ஏன் இந்த நோய் வருகிறது? பெரும்பாலும் அவை கொழுத்தவை, பிடரியில் கட்டியாகக் கொழுப்பு மேடிட்டவை. 2002இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் பிலிப் ஜான்சன் இதற்கு வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதி என்று பெயரிட்டு மனிதர்களுக்கு வரும் அதே கோளாறோடு ஒப்பிட்டார். விடையைத் தந்தது 2007இல் குவின்ஸ்லாந்தில் கேட்டி ஆஸ்ப்ளின், மார்ட்டின் சிலென்ஸ், பொல்லிட், கேத்தரின் மெக்கவன் ஆகியோர் செய்த சோதனை. முற்றிலும் ஆரோக்கியமான ஐந்து போனிகளின் இரத்தத்தில் இன்சுலினை மட்டும் தொடர்ந்து உயர்த்திவைத்தார்கள். சர்க்கரை அளவு இயல்பாகவே இருக்கும்படி குளுக்கோஸும் செலுத்தினார்கள். மூன்று நாளுக்குள் ஐந்துக்கும் லாமினைட்டிஸ். இன்சுலின் செலுத்தப்படாத நான்கில் ஒன்றுக்குக்கூட இல்லை.

இந்த முடிவு கால்நடை மருத்துவ உலகைப் புரட்டிப்போட்டது. சர்க்கரை நோயாளிகளின் உயிர்காக்கும் இன்சுலின், குதிரையின் இரத்தத்தில் அளவு மீறி நீடித்தால் அதன் காலைப் பறிக்கிறது. இங்கே அழற்சி பெரிதாக இல்லை. ஒட்டுப்பரப்பின் செல்கள் நீண்டு மெலிந்து இழுபட்டுவிடுகின்றன. இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி ஒன்றுக்கான ஏற்பிகள் அந்தச் செல்களில் நிறைய உள்ளன. மிகையான இன்சுலின் அவற்றைத் தூண்டுகிறது என்பது இப்போது வலுப்பெற்றுவரும் விளக்கம். ஹெல்சின்கியில் ஒரு குதிரை மருத்துவமனைக்கு லாமினைட்டிஸோடு வந்தவற்றைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், 89 சதவீதத்துக்குச் சுரப்பிக் கோளாறு இருந்தது தெரிந்தது. அதாவது நோயின் பெரும்பகுதி தீவனத் தொட்டியிலிருந்தும் மேய்ச்சல் நிலத்திலிருந்தும் வருகிறது. குளம்பைச் சீவுவதற்கு முன்னால் இரத்தத்தில் இன்சுலினைப் பார்ப்பதும், வைக்கோலை ஊறவைத்துச் சர்க்கரையைக் கரைத்துவிட்டுப் போடுவதும், வெயில் நன்றாக அடித்த பிற்பகலில் சர்க்கரை ஏறியிருக்கும் புல்லைத் தவிர்ப்பதும் இன்று சிகிச்சையின் முதல் படிகள். மனித நீரிழிவுக்காக உருவாக்கப்பட்ட சில மாத்திரைகள், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை, குதிரைகளின் இன்சுலினையும் விரைவாகக் குறைக்கின்றன என்பதால் அவற்றின் மீது இப்போது பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது.

ஆரோக்கியமான விலங்குக்கு வேண்டுமென்றே தாங்கொணா வலியைத் தரும் நோயை வரவழைத்துத்தான் இவை எல்லாம் தெரியவந்தன என்பதை மறைக்கக் கூடாது. இன்சுலின் செலுத்தப்பட்ட அந்தப் போனிகள் நோய் தெளிவாக வெளிப்பட்டதும் கருணைக்கொலை செய்யப்பட்டு, குளம்புகள் ஆய்வுக்கு எடுக்கப்பட்டன. அந்த அறிவால் பின்னர் காப்பாற்றப்பட்ட குதிரைகள் ஏராளம் என்பதால் அந்தச் சோதனைகள் தேவைப்பட்டன என்றே நினைக்கிறேன். ஒரே கேள்விக்கு மறுபடி மறுபடி விலங்குகளைப் பலியிடாமல் இருப்பது அதற்குப் பதிலாக அறிவியல் செலுத்த வேண்டிய கடன்.

பார்பரோவைக் கொன்றது இந்த இரண்டு வகையும் அல்ல, மூன்றாவது. ஒரு கால் உடைந்து மற்றொரு கால் வாரக்கணக்கில் இரட்டைச் சுமை தாங்கும்போது, தாங்கும் காலில் வருவது. எடை மிகுந்து நசுங்கிவிடுகிறது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். பின்னாளில் நியூ போல்டன் மையத்துக்கே வந்து சேர்ந்த வான் எப்ஸ், தலைமுடி போன்ற நுண்குழாய்களை ஒட்டுப்பரப்புக்குள் செருகி, அங்கே இரத்த ஓட்டமும் குளுக்கோஸும் மணிக்கு மணி எப்படி மாறுகின்றன என்று அளந்தார். குதிரை ஓய்வாக நிற்பதுபோல் தெரிந்தாலும் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு முறை எடை நீங்கும்போதும் அந்தக் குளம்புக்குள் இரத்தம் பாய்கிறது, எடை ஏறும்போது தடைபடுகிறது. எதிர்க்காலில் வலி இருந்தால் இந்த மாற்றம் நின்றுவிடும். ஊன்றியே இருக்கும் குளம்பு பட்டினி கிடக்கத் தொடங்கும். எடையைவிட, அது நீங்காமல் இருப்பதே கேடு.

ஒரு பெரிய குதிரையை எப்படி எடை நீக்கி வைப்பது? பழைய வார்த் தொட்டில்களில் மார்பும் வயிறும் நசுங்கும், குதிரை மிரளும். கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தில் ஜூலியா மாண்ட்கமரியின் குழு ஒரு பொறியியல் நிறுவனத்தோடு சேர்ந்து கணினியால் இயங்கும் தூக்கி ஒன்றை உருவாக்கியது. உடலின் பகுதிகளில் எடையை மாற்றி மாற்றி நீக்கவும், குதிரையைத் தாங்கியபடியே நடக்கவிடவும் அதனால் முடியும். விலை மிகுந்த கருவிதான். அதே தத்துவத்தைச் செலவின்றிக் கடைப்பிடிக்கும் வழி ஒன்றும் உண்டு: அடிபட்ட காலின் வலியை முறையாகக் குறைத்து, குதிரை தானே எடையை மாற்றிக்கொள்ளும்படி செய்வது. வலி மருந்து கொடுத்தால் குதிரை அளவுக்கு மீறி நடந்துவிடும் என்று அதை நிறுத்திவைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. இந்த ஆய்வுகளுக்குப் பிறகு அதை நியாயப்படுத்த வழியில்லை.

குளம்புக்கு இயக்கமே உணவு என்றால், காட்டில் திரியும் குதிரைகளின் குளம்புதான் உத்தமமானது என்று தோன்றும். லாடமே வேண்டாம், இயற்கையைப் பின்பற்றுவோம் என்ற இயக்கம் உலகெங்கும் வலுவாக இருக்கிறது. பிரையன் ஹாம்ப்ஸனும் பொல்லிட்டும் ஆஸ்திரேலியாவின் காட்டுக் குதிரைகளான பிரம்பிகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டித் தொடர்ந்தார்கள். சராசரியாக நாளுக்கு 15.9 கிலோமீட்டர் நடக்கின்றன. தண்ணீருக்கும் புல்லுக்கும் இடையே 50 கிலோமீட்டருக்கு மேல் போய்வரும் கூட்டங்களும் உண்டு. நாற்பது ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் விடப்பட்ட வளர்ப்புக் குதிரை அதில் பாதிகூட நடப்பதில்லை. சிறு கொட்டிலில் அடைத்தால் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அதே குழு நூறு காட்டுக் குதிரைகளின் குளம்புகளை எக்ஸ்ரே எடுத்தும் அறுத்தும் பார்த்தபோது கிடைத்தது வேறு சித்திரம். கடினத் தரையில் பல மைல் நடந்த அழகான குளம்புகளுக்குள்ளும் பழைய லாமினைட்டிஸின் தழும்புகள் ஏராளமாக இருந்தன. நியூசிலாந்தின் கைமனாவா காட்டுக் குதிரைகளிலும் இதே கதை. லாடம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் இரு தரப்பும் இந்த ஆய்வுகளை நேர்மையாக வாசித்தால் நல்லது. அந்தக் குதிரையின் தரை, வேலை, குளம்பு என்ன என்று பார்த்து முடிவெடுப்பதைத் தவிர வேறு சூத்திரம் அவற்றிலிருந்து கிடைக்காது.

நோய் தணிந்த பிறகு தொடங்குகிறது மறுவாழ்வுச் சிகிச்சை. இதில் அவசரத்துக்கு இடமே இல்லை. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். மேல்விளிம்பில் பிறக்கும் புதுச் சுவர் முன்நுனியில் தரையைத் தொட ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். எலும்பும் சுவரும் மறுபடி இணையாக அமைய வேண்டுமானால் அதுவரை பழைய சுவரின் இழுவையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். லாடக்காரரும் மருத்துவரும் ஒரே எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி வேலை செய்ய வேண்டிய இடம் இது. நீண்ட முன்நுனியைச் சீவிக் குதிரை காலெடுக்கும் புள்ளியைப் பின்னுக்குக் கொண்டுவருவார்கள். குதியை உயர்த்தித் தசைநாணின் இழுப்பைத் தளர்த்துவார்கள். நோயுற்ற சுவரின் சுமையைப் பங்கிட, குளம்பின் அடியில் பின்பாதிக்கு மெத்தென்ற பொருளை வைத்துத் தாங்குவார்கள். நான்கு ஐந்து வாரங்களுக்கொரு முறை இது திரும்ப நடக்கும். மிக மோசமான நிலையில் தசைநாணையே வெட்டிவிடுவதும் உண்டு.

குதிரை தேறுகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது நாம் நம்புவதைவிடக் கடினம். மிசௌரி பல்கலைக்கழகத்தின் கெவின் கீகன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவம் மிக்க மருத்துவர்கள் பலர் ஒரே குதிரைகளைச் சேர்ந்து பார்த்துத் தனித்தனியே முடிவெழுதினார்கள். குறிப்பிட்ட கால் நொண்டுகிறதா இல்லையா என்ற அளவில் மட்டும் பார்த்தாலே 77 சதவீதம்தான் ஒத்துப்போயிற்று. நொண்டல் இலேசாக இருந்தால் அது 62 சதவீதத்துக்கு இறங்கியது. நாணயத்தைச் சுண்டினாலே பாதி ஒத்துப்போகும். முன்னங்காலில் வலியுள்ள குதிரை அந்தக் கால் பதியும்போது தலையை மேலே தூக்கும், நல்ல கால் பதியும்போது தாழ்த்தும். ஓட்டத்தில் அந்த வேறுபாடு சில மில்லிமீட்டராக இருந்தால் மனிதக் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால்தான் கீகன் குழு தலையிலும் இடுப்பிலும் ஒரு காலிலும் சிறு உணரிகளைப் பொருத்தி அந்த ஏற்ற இறக்கத்தை எண்களாக்கியது. மருத்துவரின் கண்ணுக்கு இவை மாற்று அல்ல. ஆனால் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள முன்னேற்றத்தை ஆசையின்றிச் சொல்ல எண்ணால்தான் முடியும்.

உடலை மறுபடி வலுப்படுத்துவதில் தண்ணீர் பெரிய துணை. நீர் இடுப்பெலும்புவரை உயர்ந்தால் காலில் இறங்கும் எடை முக்கால் பங்கு குறைகிறது என்று 1987இலேயே அளந்திருக்கிறார்கள். முழங்கைவரை மட்டும் நீர் இருந்தால் பத்துப் பதினைந்து சதவீதம்தான் குறையும். ஆகவே தொட்டிக்குள் ஓடும் நடைமேடையில் நீர்மட்டம் எவ்வளவு என்பதே மருந்தளவு. கணுவளவு நீர் கணு மூட்டுகளை மடக்கித் தூக்கவைக்கிறது, ஆழம் கூடக்கூட மேல் மூட்டுகள் அதிகம் வேலை செய்கின்றன. எந்த மூட்டுக்குப் பயிற்சி வேண்டுமோ அதற்கேற்ப ஆழத்தைத் தேர்ந்துகொள்ளலாம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்திலும், இங்கிலாந்தில் ஹார்ட்பரியிலும் இதற்கென்றே ஆய்வுகள் நடந்துவருகின்றன. 2010இல் குதிரை, நாய் விளையாட்டு மருத்துவமும் மறுவாழ்வும் அமெரிக்காவில் தனிச் சிறப்புப் பிரிவாக அங்கீகரிக்கப்பட்டது. அதன்பின் அளந்து பார்த்துச் சொல்லும் வழக்கம் இந்தத் துறையில் கூடியிருக்கிறது. இன்னும் பல ஆய்வுகள் எட்டு, பத்துக் குதிரைகளோடு முடிந்துவிடுகின்றன என்பது உண்மையான குறை.

எல்லாச் சிகிச்சைக்கும் தொட்டியும் உணரியும் தேவையில்லை. மாதக்கணக்கில் கொட்டிலில் நின்ற குதிரைக்கு முதுகுத்தண்டை ஒட்டிய ஆழ்ந்த தசைகள் மெலிந்துவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நரேல் ஸ்டப்ஸும் ஹிலரி கிளேட்டனும் அதற்கு ஒரு பயிற்சியைச் சோதித்தார்கள். ஒரு கேரட்டைக் காட்டி, குதிரையின் மூக்கை மார்புக்கும், முன்முழங்கால்களுக்கு நடுவிலும், கணுக்களுக்கும், பிறகு வலப்பக்கமும் இடப்பக்கமும் விலா, இடுப்பு வரையும் கொண்டுபோய்ச் சில நொடி நிறுத்தவைப்பது. வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று மாதம். வேறு உடற்பயிற்சி இல்லை. 2011இல் வெளிவந்த அந்த ஆய்வில் அல்ட்ராசவுண்ட் அளவுகள் அந்தத் தசை அளந்த இடமெல்லாம் பருத்திருந்ததைக் காட்டின. லாமினைட்டிஸிலிருந்து மீளும் குதிரைக்கும் குளம்பில் சுமை ஏற்றாமல் நின்ற இடத்திலேயே இதைச் செய்யலாம். ஒரே எச்சரிக்கை, இன்சுலின் கோளாறுள்ள குதிரை என்றால் கேரட் துண்டு சிறியதாக இருக்க வேண்டும். அல்லது ஊறவைத்த வைக்கோலில் ஒரு கைப்பிடி போதும், அதற்கும் அது கழுத்தை நீட்டும்.